குட்டி வாண்டோடு கிரிவலம்... கிளம்பும் முன் இதைப் படிங்க!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரியவங்க நடக்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். ரெண்டு வயசு வாண்டையும் கூட்டிட்டுப் போறீங்கன்னா, குழந்தையோட உடம்புக்கு ஏத்த மாதிரிதான் ப்ளான் பண்ணணும்.

எப்போது?

பௌர்ணமியைத் தவிர்த்துடுங்க. லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் கூட்டத்துல குழந்தை கை நழுவினா தேடுறது கஷ்டம். கிரிவலம் எந்த நாளும் போகலாம். விடியற்காலையில ஆரம்பிச்சா, வெயில் ஏறுறதுக்குள்ள பெரும்பகுதியை முடிச்சிடலாம்.

எங்கே நிற்பது?

இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை வழியில் எட்டு லிங்கக் கோயில்கள் இருக்கு. ஒவ்வொரு இடத்துலயும் நின்னு குழந்தைக்குத் தண்ணி கொடுங்க, டயாப்பரைப் பாருங்க. நீங்க வெறுங்காலோட நடக்கலாம். சூடான ரோட்டுல குழந்தையை இறக்கிவிடாதீங்க.

பையில் என்ன?

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், தொப்பி, மாற்று உடை, ஓ.ஆர்.எஸ் பாக்கெட். தின்பண்டத்தைக் கையில பிடிச்சுட்டு நடக்காதீங்க, குரங்குகள் பறிச்சிடும். குழந்தையோட சட்டைப் பையில உங்க போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

எப்போது நிறுத்துவது?

வாய் வறண்டு, அழுதா கண்ணீர் வராம, ரொம்ப நேரமா சிறுநீர் போகாம, துவண்டு கிடந்தா அது நீரிழப்பு. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

குழந்தை சோர்ந்துட்டாலே போதும், ஆட்டோ ஏறிடுங்க. மீதியை இன்னொரு நாள் நடந்துக்கலாம்.