விருந்தாளிக்கு விதி வகுத்த ஊர்கள்

1900 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கிழக்கு ஓரத்து கிரவ்புண்டன் மாநில அரசு ஓர் ஆணை போட்டது: மாநிலத்தின் எந்தச் சாலையிலும் மோட்டார் கார் ஓடக் கூடாது. ஐரோப்பாவின் பணக்காரர்கள் காற்று வாங்கவும் காசநோய் தீரவும் தேடி வந்த செயின்ட் மோரிட்ஸும் டாவோஸும் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கார் வாங்க வசதி இருந்தவர்களே இந்த ஊர்களுக்குப் படியளந்தவர்கள். ஆனாலும் மாநில எல்லைக்குள் வந்த காருக்கு முன்னால் குதிரையைப் பூட்டித்தான் இழுத்துப் போக வேண்டியிருந்தது. தடையை நீக்கலாமா என்று மக்களிடம் பத்து முறை வாக்கெடுப்பு நடந்து, 1925 ஜூனில்தான் காருக்கு வழி பிறந்தது. இதில் இயற்கைப் பற்று என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. குதிரை வண்டிக்காரர்களின் பிழைப்பு, தூசி பறக்கும் கிராமத் தெரு, சொந்தச் செலவில் போட்ட சாலையை அயலார் கார்கள் உழுதுவிடும் என்ற எரிச்சல், மாநிலம் பணம் போட்டிருந்த ரேட்டியன் ரயில்வேயின் வருமானம் எல்லாம் அந்த ஆணைக்குப் பின்னால் இருந்தன. விருந்தாளி எதில் ஏறி வரலாம் என்பதை ஊர்க்காரர்கள் தங்கள் கணக்கைப் பார்த்துத் தீர்மானித்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

வெப்பமண்டல நகரம் ஒன்றுக்குப் புறப்படுகிறவருக்கு இன்று அறிவுரைக்குக் குறைவில்லை. உள்ளூர்க் கடையில் சாப்பிடு, பேருந்தில் போ, தண்ணீரை அளந்து செலவிடு, ஏசியைக் குறைத்து வை, சிறிய விடுதியில் தங்கு. எல்லாம் நல்ல அறிவுரைகளே. ஆனால் இவை அனைத்தும் பயணியின் மனசாட்சியை மட்டும் பார்த்துப் பேசுகின்றன. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விடுமுறைக்குப் போகிறவர்கள் நிறைய வாழும் சுவிட்சர்லாந்து, நூற்றைம்பது ஆண்டுகளாகத் தானும் பிறர் வந்து போகும் இடமாக இருந்திருக்கிறது. வந்தவர்களின் நல்ல குணத்தைவிட ஊராரின் அதிகாரமே அங்கே ஊர்களைக் காப்பாற்றியது. நீடிக்கத்தக்க பயணம் என்று இப்போது சொல்லப்படுவதன் வேர், நடத்தை விதிகளைவிட உள்ளூர் உரிமையில்தான் ஆழமாக இருக்கிறது என்பது என் வாதம்.

செர்மாட் இதற்குத் தெளிவான சாட்சி. 1865 ஜூலை 14 அன்று மலையேறி எட்வர்ட் விம்பரின் குழு மாட்டர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டியது. இறங்கும்போது நால்வர் விழுந்து மாண்டார்கள். அந்தச் செய்தியே மலையடிவாரத்தில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த செர்மாட்டை உலகப் புகழ் பெறச் செய்தது. ஓட்டல்களைக் கட்டி ஊரை வளர்த்தவர் அலெக்சாண்டர் சைலர். அவரும் செர்மாட் இருக்கும் அதே வாலே மாநிலத்தவர்தான், ஆனால் வேறு பள்ளத்தாக்கில் பிறந்தவர். ஊரின் பூர்வ குடும்பங்களுக்குக் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தரும் ஊர்க் குடியுரிமையைக் கேட்டு 1871-இல் விண்ணப்பித்த சைலர், மேலிடம் வரை வழக்காடி 1889-இல்தான் அதைப் பெற்றார். பணம் கொண்டுவந்த மனிதருக்கே இந்தக் கதி. இதைக் குறுகிய மனம் என்று சொல்பவர்கள் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பொது நிலத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்ட அந்தப் பூர்வ குடிகளின் மன்றம் இன்றும் செர்மாட்டில் சொந்தமாக ஓட்டல்களை நடத்துகிறது. சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு ஊரைவிட்டு ஓடாமல் நின்றதற்குப் பயணிகளின் தாராள குணம் காரணமில்லை, நிலம் யார் கையில் இருந்தது என்பதே காரணம்.

அடுத்த சோதனை ரயிலின் வடிவில் வந்தது. 1891-இல் ரயில் செர்மாட் வரை வந்தது, 1898-இல் கோர்னர்கிராட் மலைமேல் மின்சார ரயில் ஏறியது. பிறகு மாட்டர்ஹோர்ன் உச்சிக்கே ரயில் விடும் திட்டம் மீண்டும் எழுந்தது. 1905-இல் பிறந்திருந்த ஹைமாட்ஷுட்ஸ் என்ற மரபுக் காப்புச் சங்கம் நாடெங்கும் எதிர்ப்பைத் திரட்ட, ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்டார்கள். உச்சிக்கு ரயில் போகவே இல்லை. அதே காலத்தில் ஐகர், மோன்ஷ் மலைகளைக் குடைந்து, 1912 ஆகஸ்ட் 1 அன்று 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் திறந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆக, சுவிஸ்காரர்கள் எல்லாவற்றையும் மறுத்தவர்கள் இல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று மலைக்கு மலை பேரம் பேசினார்கள். முதல் உலகப் போர் விருந்தாளிகளை விரட்டி ஓட்டல்களைக் கடனில் தள்ளியபோது, கூட்டாட்சி அரசு 1915-இல் இன்னும் கடுமையான முடிவெடுத்தது: தேவை இருப்பதாக நிரூபிக்காமல் யாரும் புது ஓட்டல் கட்டக் கூடாது. ஏற்கெனவே நின்ற ஓட்டல்களையும் அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளையும் காக்கத்தான் அந்தச் சட்டம் என்றாலும், படுக்கைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட ஓர் அரசால் முடியும் என்பதை அது காட்டிவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டை நீட்டிக்க வேண்டாம் என்று 1952 மார்ச்சில் வாக்காளர்கள் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகு ஆல்ப்ஸ் சரிவுகளில் கான்கிரீட் ஏறிய வேகம், வரம்பு இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது.

இதே நாடு விருந்தாளிகளை அனுப்பவும் செய்தது. சூரிச்சில் ஆல்பிரட் கூனி 1906-இல் தொடங்கிய பயண நிறுவனம் பிற்காலத்தில் ஆசிய, ஆப்பிரிக்கக் கடற்கரைகளுக்கு ஐரோப்பியர்களை ஏற்றிச் சென்ற பெரிய பெயர்களில் ஒன்றானது. ஜெட் விமானமும் மலிவுப் பயணத் தொகுப்பும் வந்த பிறகு, சுவிஸ் குடும்பம் ஒன்றுக்குக் குளிர்கால வெயில் என்பது எட்டும் தூரத்துப் பண்டமானது. உள்நாட்டில் பார்த்ததையும் வெளிநாட்டில் நடப்பதையும் சேர்த்து யோசித்தவர் பெர்ன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் கிரிப்பன்டோர்ஃப். சுற்றுலா எதை விற்றுப் பிழைக்கிறதோ அந்த நிலக்காட்சியையே தின்று தீர்க்கிறது என்று 1975-இல் ஒரு நூலில் எச்சரித்தார். இரண்டாண்டு கழித்து, ஏழை நாடுகளுக்குச் சுற்றுலா என்ன செய்கிறது என்ற கேள்வியோடு பாசல் நகரில் ஒரு செயற்குழு தொடங்கியது. பொறுப்பான பயணம் பற்றிய இன்றைய பேச்சுக்குப் பாதை போட்டவர்களில் இவர்களும் உண்டு. இவர்கள் இருதரப்பையும் பார்த்தவர்கள். அங்குள்ள மக்களின் உரிமையை மறக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு சந்தைக்கு வந்தபோது ஊராரின் உரிமை பின்னால் போய், பயணியின் நல்லொழுக்கம் முன்னால் வந்து நின்றது. துண்டைத் துவைக்கப் போடாதீர்கள் என்று குளியலறையில் அட்டை தொங்கவிடுவது எளிது. இந்த ஊருக்கு எத்தனை ஓட்டல் தாங்கும் என்று கேட்பது கடினம்.

வெயில் நகரத்தில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. 2019 கோடையில் சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. தெருமுனையில் குடங்கள் லாரிக்காக வரிசை கட்டியபோது, விலை கொடுக்க முடிந்த ஓட்டல்களுக்கும் லாரியில்தான் தண்ணீர் போனது. வாளி ஒன்றில் குளித்து முடிக்கும் ஒரு பயணி அந்த வரிசையைக் குறைத்துவிட முடியாது. லாரித் தண்ணீரை யாருக்கு முதலில் என்று முடிவு செய்யும் இடத்தில் தெருக்காரருக்குக் குரல் இருந்தால் குறையும். 2023 ஏப்ரலில் மெரினாவை ஒட்டிய லூப் சாலையில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கின் பேரில் மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியபோது, நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாலையை மறித்தார்கள்; 2024-இல் அங்கே மீன் அங்காடி திறக்கப்பட்டது. அந்தக் கடற்கரையில் உள்ளூர்க்காரரிடம் வாங்க வேண்டும் என்று வரும் பயணி, யாருடைய போராட்டத்தால் அந்த மீன்காரம்மா இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் அந்த மீனின் விலைக்குப் பொருள் கூடும்.

சுவிட்சர்லாந்து பணக்கார நாடு, வேண்டாம் என்று சொல்ல அதற்குக் கட்டுப்படியாகும், வறிய நகரத்துக்கு ஆகுமா என்ற மறுப்பு உடனே எழும். ஆனால் மறுக்கத் தொடங்கியபோது இந்த ஊர்கள் பணக்கார ஊர்களாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் கப்பலேறியவர்கள் இந்தப் பள்ளத்தாக்குகளின் பிள்ளைகள். செல்வம் வந்த பிறகு விதி வகுத்தார்கள் என்பதைவிட, விதி வகுத்ததால் வந்த செல்வத்தில் ஒரு பகுதி ஊரில் தங்கியது என்று படிப்பதே வரலாற்றுக்கு நெருக்கம். வெயில் ஊர்களும் வாயில்லாதவை அல்ல. 1987-இல் கோவாவுக்கு ஐரோப்பாவிலிருந்து சார்ட்டர் விமானங்கள் வந்தபோது, ஜாக்ருத் கோயங்காராஞ்சி ஃபௌஜ் என்ற உள்ளூர் அமைப்பு பயணிகளை எதிர்ப்பு அட்டைகளோடும் சாணத்தோடும் எதிர்கொண்டது. வரவேற்பு முறை அழகானதில்லை. ஆனால் நிலமும் நீரும் யாருக்கு என்ற கேள்வி கிரவ்புண்டன்காரர்கள் கேட்ட கேள்வியேதான். அவர்களுக்கு இருந்த வாக்கெடுப்பு உரிமை கோவாக்காரர்களிடம் இல்லை, அதனால் கேள்வி தெருவுக்கு வந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது: ஊரார் என்று யாரைச் சொல்கிறோம்? ஒரு ஊராட்சியின் வீடுகளில் விடுமுறை வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற திட்டம் 2012 மார்ச் 11 அன்று நாடு தழுவிய வாக்கெடுப்பில் 50.6 சதவீதத்தில் தேறியது. அதை நகரங்கள் ஆதரித்தன. சுற்றுலாவை நம்பி வாழும் வாலே மாநிலத்தில் நால்வரில் ஏறத்தாழ மூவர் எதிர்த்தார்கள். மலைக்காரரின் சோற்றில் நகரத்தான் கைவைத்தான் என்ற கசப்பு இன்னும் தீரவில்லை. செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் நுழைய முடியாது, பெட்டி போன்ற சின்ன மின்வண்டிகளே தெருவில் ஊர்கின்றன. ஆனால் வந்தவர்களின் கார்களெல்லாம் ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் நிறுத்தப்படுகின்றன. ஒரு ஊரின் சுத்தக் காற்று பக்கத்து ஊரின் கார் நிறுத்துமிடமாகவும் இருக்கலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2024 மே மாதம் வந்த, வாகனங்களுக்கான இ-பாஸ் அனுமதி முறையை நீதிமன்றம்தான் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு வாகன எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியபோது நீலகிரி வணிகர்கள் கடையடைத்தார்கள். எனவே உள்ளூர் உரிமை எல்லாரையும் ஒரேயடியாகத் திருப்திப்படுத்தும் மந்திரம் அல்ல. அந்தச் சண்டை வெளிச்சத்தில் நடக்கிறது, தோற்றவருக்கு அடுத்த முறை கேட்க வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பலன். கிரவ்புண்டனில் பத்து முறை கேட்டார்கள்.

சூரிச்சிலிருந்தோ பெர்னிலிருந்தோ சென்னைக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? விமானம் விடும் கரியை எந்த உள்ளூர் விதியும் அழிக்காது. அதனால் இரண்டு குட்டிப் பயணங்களுக்குப் பதில் ஒரே நீண்ட பயணம் என்பது பயணியே எடுக்க வேண்டிய முடிவு. மற்றதெல்லாம் போகும் ஊரின் விதியைத் தேடிப் படிப்பதில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. துணிப்பை கொண்டுபோவதைத் தனிப்பட்ட நல்லெண்ணமாக எண்ண வேண்டியதில்லை, அது அந்த ஊர் போட்ட விதி. இந்தியாவில் 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. எந்தத் தெருவில் அவர்கள் உட்கார ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறதோ அங்கே போய் வாங்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புப் பாறைக்கடியில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். நல்லூர்த் திருவிழாவுக்குத் தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுக்குமுன் அது எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறது என்று கேட்கலாம். கேட்பவர்கள் பெருகினால் விடுதிக்காரர் பதில் வைத்திருக்க வேண்டி வரும். அந்தப் பதிலைச் சட்டமாக்கிக் கடைப்பிடிக்க வைப்பது, கிரவ்புண்டனில் போலவே, ஊராரின் வேலை. விருந்தாளியின் பங்கு, அப்படி ஒரு விதி தன் வசதியைக் குறைக்கும்போது முணுமுணுக்காமல் குதிரையைப் பூட்டிக்கொள்வதுதான்.