செவிலியின் கூற்று: அருணா ஷான்பாக் வழக்கை முன்வைத்து

தமிழில் 'நர்ஸ்' என்பதற்கு இணையாக நாம் தேர்ந்துகொண்ட 'செவிலியர்' என்னும் சொல், அகமரபிலிருந்து வந்தது. அங்கே செவிலி என்பவள் பெறாது வளர்த்த தாய். தொல்காப்பியக் களவியல் அவள் பேசுதற்குரிய இடங்களைத் தனியே வகுத்துரைக்கிறது. வளர்த்தவள் என்பதனாலேயே அவளுக்குக் கூற்றுரிமை உண்டு. இச்சொல்லை ஒரு தொழிற்பெயராக ஏற்றபோது, அந்தக் கூற்றுரிமையும் உடன்வந்ததா என்று நாம் கேட்கவில்லை. அக்கேள்வி 2011இல், முற்றிலும் வேறொரு களத்தில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்தது.

கர்நாடகத்தின் ஹல்திப்பூரைச் சேர்ந்த அருணா ஷான்பாக், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றியவர். 1973 நவம்பர் 27 அன்று மாலை, அம்மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் நாய்ச்சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கிப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். மூளைக்கு உயிர்வளி தடைப்பட்டது. அப்போது அருணாவுக்கு வயது 25. கொள்ளை, கொலைமுயற்சி ஆகியவற்றுக்காகக் குற்றவாளிக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பாலியல் வன்முறையோ குற்றச்சாட்டிலேயே இடம்பெறவில்லை. மும்பைச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். அருணாவுக்கு உரிய பராமரிப்பும் தங்களுக்குப் பாதுகாப்பான பணிச்சூழலும் வேண்டுமென்பது அவர்களது கோரிக்கை.

அதன்பின் நிகழ்ந்தது இந்தியச் செவிலியர் வரலாற்றில் தனித்த ஓர் அத்தியாயம். அருணா அம்மருத்துவமனையிலேயே இருந்தார். எண்பதுகளில் அவரை வேறிடத்துக்கு மாற்றிப் படுக்கையை விடுவிக்க மாநகராட்சி முயன்றபோது, செவிலியர் எதிர்த்து நின்று அம்முயற்சியைக் கைவிடச் செய்தனர். மூத்தோர் ஓய்வுபெற, அவரைப் பணியிடத்தில் கண்டிராத இளையோர் அப்பொறுப்பை ஏற்றனர். உணவை மசித்து வாய்வழி ஊட்டினர். 2010இல் மலேரியா கண்ட பின்னரே குழாய்வழி உணவு தேவைப்பட்டது. உச்ச நீதிமன்றம் அமர்த்திய மூன்று மருத்துவர் குழு, இத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப்புண் ஒன்றுகூட ஏற்படவில்லை என்பதைப் பதிவுசெய்தது. படுக்கைப்புண் என்பது சட்டத்தின் பார்வையில் கவனக்குறைவுக்குச் சான்றாகக் கூடியது. அது இல்லாதிருப்பதோ எந்த ஆவணமும் தேவைப்படாத சான்று. ஒவ்வொரு நாளும் உரிய நேரத்தில் யாரோ ஒருவர் அவ்வுடலைத் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார்.

அருணாவைப் பற்றி 1998இல் நூலெழுதிய இதழாளர் பிங்கி விரானி, அவருக்கு உணவளிப்பதை நிறுத்தி அமைதியாக இறக்கவிட வேண்டுமென 2009இல் மனுச்செய்தார். தமக்காக வழக்காட இயலாதவரின் சார்பில் நிற்பவரை ஆங்கிலச் சட்டமரபு 'நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்' என்கிறது. அருணாவுக்கு அத்தகையவர் யார்? மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அடங்கிய அமர்வு 2011 மார்ச் 7 அன்று அளித்த தீர்ப்பில், விரானியின் அக்கறையைப் பாராட்டியது. ஆயினும் அவ்வுரிமை மருத்துவமனைப் பணியாளர்க்கே உரியதென்றது. அவர்கள் அருணா வாழவேண்டுமென்று கூறியிருந்தனர். உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழிவகுத்த அதே தீர்ப்பு, அருணாவின் வழக்கில் மனுவைத் தள்ளுபடி செய்தது. செவிலியர் இனிப்பு வழங்கி அதனை அவரது மறுபிறப்பாகக் கொண்டாடினர்.

இங்கேதான் அறச்சிக்கல் தொடங்குகிறது. இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத நிலையில், அன்றாடப் பராமரிப்பையே சட்டம் ஓர் உரிமையின் அடிப்படையாக ஏற்றது. அது செவிலியர்க்குக் கிடைத்த அரிய அங்கீகாரம். ஆனால் நோயாளியின் தன்னுரிமையை மதிப்பதும் செவிலியரின் தொழிலறம். அருணா எதை விரும்பியிருப்பார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. பராமரித்தவரின் பற்றையும் பராமரிக்கப்பட்டவரின் விருப்பத்தையும் ஒன்றெனக் கொள்ள இயலுமா? அவ்வுடலின் வலியையும் சலனத்தையும் எவரினும் நன்கறிந்தவர்கள் அவர்கள் என்பதில் ஐயமில்லை. அந்த அறிவு தீர்ப்பில் எடைபோடப்பட வேண்டியது. எனினும், அது அருணாவின் குரலுக்கு மாற்றாகிவிடாது.

அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார். 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் ஐவர் அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்குமென்றது. ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழிசெய்தது. 2023 ஜனவரியில் அந்நடைமுறை எளிதாக்கப்பட்டது. நோயாளியின் சொல்லுக்கு முதலிடம் கிடைத்தது. இது தேவையான திருத்தமே.

ஆனால் அந்நடைமுறை சிகிச்சை விலக்கலைப் பரிசீலிக்க வகுத்துள்ள முதன்மைக் குழு, இரண்டாம் குழு ஆகிய இரண்டிலும் மருத்துவர்கள் மட்டுமே இடம்பெறுகின்றனர். செவிலியர்க்கென ஓர் இருக்கை இல்லை. முடிவெடுக்கும் அதிகாரத்தை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமென்பது என் வாதமன்று. இரவும் பகலும் அருகிருந்தவர் கண்டதைக் கேட்டுப் பதிவுசெய்தல் அக்குழுக்களின் கடமையாக்கப்பட வேண்டும் என்பதே. 2011இல் வழக்கின் மையத்தில் நின்ற ஒரு கூற்று, 2018க்குப் பிந்தைய நடைமுறையில் எங்கே போயிற்று? செவிலியர் கல்வியிலும் மருத்துவச் சட்டத்திலும் ஆய்வு மேற்கொள்வோர் இவ்வினாவைத் தொடர வேண்டும்.