எஷர் சொல்லத் தயங்கியது

வண்டல் படிந்து உருவான பாறைகளில் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. இதுதான் பொது விதி. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மலைகளில் இது தலைகீழா இருக்கு. 25 கோடி ஆண்டுக்கும் பழைய வெர்ருகானோ பாறை மேலே, சுமார் 3.5 முதல் 5 கோடி ஆண்டு வயதான ஃபிளிஷ் பாறை கீழே. நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு, தூரத்திலிருந்தே தெரியும்.

1840களில் இதை ஆராய்ந்தவர் ஆர்னால்ட் எஷர். பழைய பாறை மொத்தமாக நகர்ந்து வந்து புதுசு மேல ஏறியிருக்கணும்னு அவருக்குத் தோணுச்சு. 1848-ல் பிரிட்டிஷ் புவியியலாளர் மர்ச்சிசனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். அவரும் அதையே சொன்னார். ஆனா ஒரு மலையே பல மைல் நகர்ந்ததுன்னு எழுதினா யார் நம்புவாங்க? எஷர் தயங்கினார். வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று என இரண்டு மடிப்புகள் எதிரெதிரே சாய்ந்து கிடக்குன்னு விளக்கம் கொடுத்தார்.

ஏன் இரண்டு? அந்தக் கோடு தெற்கே தாழ்வான இடத்திலிருந்து ஏறி, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் முதுகு மாதிரி வளைந்து, வடக்கே மறுபடி இறங்குது. இரண்டு சரிவு இருந்ததால இரண்டு மடிப்புன்னு நினைக்க வசதியா இருந்தது. அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஹைம் 1878-ல் இதையே விரிவான நூலாக எழுதினார்.

1884-ல் பிரான்ஸின் மார்செல் பெர்த்ரான், கிளாரஸுக்குப் போகாமலே, ஹைம் எழுதி வெளியிட்டதை வைத்தே வேற முடிவுக்கு வந்தார். தெற்கிலிருந்து வந்த ஒரே தள்ளல் போதும் என்றார். அதைத்தான் இன்று த்ரஸ்ட்னு சொல்றோம். ஆல்ப்ஸ் நெருக்குண்டபோது அறுந்த பாறை அடுக்கு, சாய்வு குறைந்த ஒரு தளத்தில் வழுக்கி வடக்கே 35 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கு. பிறகு அந்தத் தளமே கீழிருந்து உந்தப்பட்டு வளைந்தது. இரண்டு சரிவு வந்தது அப்படித்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைம் இதை ஒப்புக்கொண்டார். எஷர் 1872-லயே இறந்துட்டார். 2008-ல் அந்த மலைப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. கேலிக்கு அஞ்சி ஒரு சரியான யோசனை முப்பது வருஷத்துக்கு மேல கிடப்பில் கிடந்தது. அதை மீட்டது ஹைமின் நேர்மையான பதிவு. அவருடைய விளக்கம் தப்பு, ஆனா மலையில் கண்டதை மாத்தாம பதிவு செஞ்சிருந்தார். அவர் கொள்கையைக் கவிழ்க்க அதுவே போதுமானதாக இருந்தது.