வெற்றியைத் திருடும் சந்தேகம்

சைக்கிள் மிதிப்பதன் அருமை தோட்டப்புற மக்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? கெடாவில் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால்வாளியைச் சுமந்தது சைக்கிள். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றதும் சைக்கிள். மேடு ஏறும்போது நெஞ்சு படும் பாட்டை அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள்.

அந்த மாநிலத்தின் தீவுப் பெயரைத் தாங்கி 1996-இல் பிறந்ததுதான் டூர் டி லங்காவி சைக்கிளோட்டம். அன்றைய பிரதமர், கெடாவில் பிறந்த டாக்டர் மகாதீரின் எண்ணத்தில் உருவான போட்டி அது. உலக வீரர்களைச் சாலையோரத்தில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். கெந்திங் மலை ஏற்றத்தில் யார் முந்துவார் என்பதே ரசிகர்களின் பேச்சு. 2003-இல் அமெரிக்கரான டாம் டேனியல்சன் வென்றார். 2006-இல் தென்னாப்பிரிக்கரான டேவிட் ஜார்ஜ் வென்றார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது.

2012-இல் இடி விழுந்தது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் பறிக்கப்பட்டன. அதே விசாரணையில் டேனியல்சனும் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு 6 மாதத் தடை பெற்றார். அதே ஆண்டு இபிஓ சோதனையில் சிக்கிய ஜார்ஜுக்கு 2 ஆண்டுத் தடை.

இபிஓ என்பது இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன். செயற்கையாகத் தயாரித்து, இரத்தசோகை நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆரோக்கியமானவர் போட்டுக்கொண்டால் தசைகளுக்குக் கூடுதல் பிராணவாயு, களைப்பு தள்ளிப்போகும். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் அதற்கான சோதனையே அறிமுகமானது.

“எல்லாரும் போட்டார்கள், அப்படியானால் போட்டி சமம்தானே?” என்று வாதாடுவோர் உண்டு. அது எப்படிச் சமமாகும்? ஒரே மருந்து எல்லா உடம்பிலும் ஒரே பலனைத் தருவதில்லை. மருத்துவரை வைத்துக்கொள்ளப் பணம் உள்ளவனும் இல்லாதவனும் சமமா? மறுத்து நின்றவன் என்ன ஆவான்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். டேனியல்சனிடமிருந்து பறிக்கப்பட்ட முடிவுகள் 2005 மார்ச் முதலானவை. ஜார்ஜ் சிக்கியது 2012-இல். அவர்களின் லங்காவி பட்டங்கள் இன்றும் பட்டியலில் இருக்கின்றன. அந்த வெற்றிகள் பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் ரசிகரால் பழைய மகிழ்ச்சியோடு அவற்றை நினைக்க முடிகிறதா? பின்னாளில் செய்த தவறு முன்னாளின் உழைப்பையும் கறைப்படுத்திவிடுகிறது.

ஏமாந்த ரசிகர் மீது குற்றமில்லை. உழைப்பை மதிக்கத் தெரிந்ததால்தான் கை தட்டினார். அவரைவிடப் பெரிய இழப்பு, மருந்தைத் தொடாமல் மலையேறிப் பின்தங்கிப்போன வீரனுக்கு. அவனுக்குச் சேரவேண்டிய கைதட்டல் அன்றே வேறொருவருக்குப் போய்விட்டது. பட்டத்தைப் பின்னர் திருப்பிக் கொடுக்கலாம். அந்தக் கைதட்டலை எந்த நடுவர் மன்றம் திருப்பிக் கொடுக்கும்?