மதாரேயில் குப்பைக்கும் புள்ளி

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் எண்டு சொல்லாத வாப்பாமார் நம்மிடையே குறைவு. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நான் மதாரேயைத்தான் உதாரணம் காட்டுவேன்.

மதாரே, கென்யத் தலைநகர் நைரோபியில் பழைய கற்குவாரிகளை ஒட்டி வளர்ந்த தகரக் குடிசைப் பள்ளத்தாக்கு. மௌ மௌ போராட்டத்தின்போது, 1950களில், பிரித்தானியர் இடித்துத் தள்ளிய குடியிருப்பு அது. சுதந்திரத்தின் பின் வேலை தேடி வந்தவர்களால் மீண்டும் நிரம்பியது. குப்பை அள்ள ஆளில்லை. கான்கள் அடைத்து, நோய் பெருகியது.

1987இல் கனடாக்காரரான பொப் மன்றோ, பொலித்தீனைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிய பந்தை உதைத்துக்கொண்டிருந்த சிறுவர்களுக்கு ஒரு லீக் அமைக்க உதவினார். பதிலுக்கு அவர்களும் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் பிறந்தது அப்படித்தான்.

அந்த நிபந்தனையை அவர்கள் புள்ளி அட்டவணைக்குள்ளேயே கொண்டுபோனார்கள். போட்டியில் வென்றால் 3 புள்ளி. சிரமதானம் ஒன்றை முடித்தால் 6. எத்தனை கோல் அடித்தாலும், கான் துப்புரவாக்காத அணி கிண்ணத்தை மறக்க வேண்டியதுதான். (நாமும் சிரமதானம் செய்கிறோம், படமும் பிடிக்கிறோம். கணக்கு வைக்கிறது யார்?)

கென்யாவில் ஆரம்பக் கல்வி இலவசமானது 2003இல்தான். இடைநிலைக்கு அதன் பிறகும் கட்டணம் இருந்தது. கட்ட வழியில்லாத பிள்ளை படிப்பை விட வேண்டியதுதான். சங்கம் இங்கேயும் புள்ளியையே பிடித்துக்கொண்டது. சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், நடுவராக நின்றால், துப்புரவு வேலையை நடத்தினால் தனிப்பட்ட புள்ளி சேரும். கூடுதலாகச் சேர்த்தவருக்குப் புலமைப்பரிசில். காசு பிள்ளை கையிலும் இல்ல, பெற்றார் கையிலும் இல்ல, நேரே பாடசாலைக்குப் போகும். பசியுள்ள வீட்டில் காசு முதலில் கடைக்குத்தான் போகும்; அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வறுமையை உள்ளே இருந்து அறிந்தவர்கள் ஏற்ற விதியாகவே எனக்கு இது படுகிறது.

சங்கத்திலிருந்து 1994இல் உருவான மதாரே யுனைட்டட் கழகம் 2008இல் கென்யாவின் பிரீமியர் லீக்கை வென்றது. பத்திரிகைகள் எழுதியது அதிகமும் இதைத்தான். என்னைக் கேட்டால், 1992இல் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் தொடங்கியதே பெரிய காரியம். அங்கே தடை பந்து உதைப்பதில் இருக்கவில்லை. தண்ணீர் சுமப்பது யார், தம்பி தங்கச்சியைப் பார்ப்பது யார், இருட்ட முன் வீடு திரும்புவாளா என்பவைதான் பெற்றாரின் கேள்விகள். நம் உம்மாமார் கேட்பதும் இவையே. அந்தக் கேள்விகளைத் தாண்டி வந்த பிள்ளைகள் பயிற்றுநராக, நடுவராக நின்றார்கள். பையன்களோடு சரிசமமாகச் சங்க சபைகளிலும் அமர்ந்தார்கள்.