கச்சி கண்ட இமயம்

காஞ்சிபுரத்துக்கும் இமயமலைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவு உண்டு. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையே பனி என்று அறிந்த ஊர் காஞ்சி. உறைந்து பாறையாகி, மலைச்சரிவில் மெல்ல நகரும் பனியையும் அதே சொல்லால் சுட்டுவதன்றித் தமிழுக்கு வேறு வழி இருக்கவில்லை. அறிவியல் நூலார் வகுத்த 'பனியாறு' என்னும் சொல்லும் அந்தப் பழைய சொல்லின் மேல் கட்டப்பட்டதே. எனினும் இமயத்தை இவ்வூர் அளவுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்ட தமிழூர் வேறில்லை. நடந்து சென்றும், கல்லில் எழுப்பியும், காணாமலே பாடியும் கச்சி மாந்தர் அம்மலையைத் தமதாக்கிக்கொண்டனர். இன்று அவர்கள் ஊர்தியேறிச் சென்று ஒரே பகலில் பனியேரியைக் கண்டு மீள்கின்றனர். இந்த நெடுவழியின் வரலாறு கவிஞர்களுக்குச் சில கேள்விகளை வைத்திருக்கிறது.

ஆற்றுப்படை காட்டிய கங்கை

வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிய மொழி தமிழ். பரிசில் பெற்று மீள்வோன், பெறாதவனை எதிர்ப்பட்டு, தான் சென்ற வழியையும் பெற்ற வளத்தையும் கூறி ஆற்றுப்படுத்துவது அதன் மரபு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை ஐந்நூறு அடிகளில் ஒரு பாணனைக் கச்சிக்கு வழிப்படுத்துகிறது. அங்கு ஆள்பவன் தொண்டைமான் இளந்திரையன். அவனுடைய முற்றத்தில் காலம் பார்த்துக் காத்திருக்கும் மன்னர்களுக்குப் புலவர் தரும் உவமை வியப்புக்குரியது. இமயத்தின் உயர்முடியிலிருந்து பொன் கொழித்து இறங்கும் கங்கையைக் கடக்க வந்தவர்கள், இருக்கும் ஒரே ஓடத்துக்காகக் கரையில் தம் முறை நோக்கித் தயங்கி நிற்பதைப் போல அம்மன்னர்கள் நிற்கின்றனர் என்கிறார்.

அந்தப் படகுத்துறையைப் புலவர் கண்டிருந்தாரா என்பதை நூல் கூறவில்லை. ஆயினும் காணாதவர் கற்பனையில் பொதுவாகத் தோன்றுவது மலையின் உயரமும் ஆற்றின் அகலமுமே. கரையில் காத்திருப்போரின் தவிப்பு, போய் வந்த ஒருவர் வாய்மொழியாகக் கேட்ட செய்தி போன்று ஒலிக்கிறது. வடக்கே சென்று மீண்டோர் அன்றும் இருந்தனர். அவர்கள் சொன்னதைக் கேட்கும் செவியும் கச்சியில் இருந்தது.

சேக்கிழாரும் இவ்விணைப்பை அறிந்தவர். திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணத்தில் காஞ்சியின் பெருமையை விரிக்கையில், இமயத்தில் புலிக்கொடி பொறிக்கச் சென்ற கரிகாற்சோழனிடம் ஒரு வேடன் இந்நகரின் வளத்தைச் சொன்னதாகவும், அதன் பின்னரே மன்னன் நகருக்கு எல்லை வகுத்து மதில் எடுத்ததாகவும் கூறுகிறார். அதே பகுதியில் உமையம்மை கயிலையை நீங்கிக் காஞ்சிக்கு வந்து, கம்பையாற்றங்கரையில் மாவின் கீழ் வழிபட்ட வரலாறும் இடம்பெறுகிறது. மன்னன் காஞ்சி வழியே இமயத்துக்குச் செல்கிறான். அம்மை இமயத்திலிருந்து காஞ்சிக்கு வருகிறாள். இரு திசையிலும் வழி திறந்தே இருந்தது என்பதே புராணத்தின் நம்பிக்கை.

பனியைக் கடந்து வந்தவர்

புராணத்துக்கு அப்பால், பனியாறுகளை மெய்யாகவே கடந்து காஞ்சியைப் பற்றி எழுதிய ஒருவர் உண்டு. சீனத் துறவி யுவான் சுவாங் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் நாட்டிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பட்டு நெய்யும் இவ்வூரை நோக்கிய அவர் பயணம், பின்னாளில் பட்டு வழி என்று பெயர் பெற்ற நெடுவழியில் தொடங்கியது. தியான்சான் மலைத்தொடரின் பனிக்கணவாயைக் கடக்க ஏழு நாட்கள் ஆயின. உலர்ந்த இடம் எதுவும் இல்லாமையால் பனியின் மீதே பாய் விரித்து உறங்கினர். கலங்களைத் தொங்கவிட்டுச் சமைத்தனர். உடன் வந்தவர்களில் பத்தில் மூவர் நால்வர் குளிராலும் பசியாலும் மாண்டனர் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கணவாயைக் கடந்தபின் அவர் கண்டது இசிக்-குல் என்னும் பெரிய மலையேரி. உறைபனி சூழ்ந்திருந்தும் அந்நீர் உறைவதில்லை. ஆகவே சீனர் அதனை வெப்பக்கடல் என்றனர்.

இத்தனையும் கடந்தவர் கி.பி. 640 அளவில் காஞ்சியை எட்டியதாகக் கருதப்படுகிறது. அன்று மாமல்லன் எனப் புகழ்பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சி. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இங்கிருந்தனர் என அவர் குறிப்பு எழுதுகிறது. நாலந்தாவின் பேராசிரியர் தருமபாலர் பிறந்த ஊர் இதுவே என்றும் சொல்கிறது. இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணியிருந்தவர், அங்கிருந்து கலகத்துக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சி வந்த துறவியரைச் சந்தித்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். பனிமலைக்கு அப்பாலிருந்து வந்தவரின் தென்திசைப் பயணம் காஞ்சியோடு நின்றது.

கல்லில் எழுந்த வெண்மலை

அடுத்த இரு தலைமுறைக்குள் இவ்வூர் தன் கயிலையைத் தானே எழுப்பிக்கொண்டது. இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில் அவன் பெயரால் இராசசிம்மேச்சுரம் எனப்பட்டது. மக்கள் வழக்கில் கயிலாசநாதர் கோயில் ஆயிற்று. கருங்கல் அடித்தளம், அதன்மேல் மணற்கல் விமானம், சுற்றிலும் 58 சிறு கோயில்கள், சுதையின் மேல் தீட்டிய வண்ண ஓவியங்களின் எச்சம் ஆகியவற்றை இன்றும் காணலாம். முன்புறத்துச் சிற்றாலயங்களில் ஒன்று அரசி இரங்கபதாகை எடுத்தது.

விமானத்தைச் சுற்றி ஓடும் வடமொழிக் கல்வெட்டு இக்கோயிலை அரனுடைய சிரிப்புக்கு ஒப்பிடுகிறது. வடமொழிக் கவிமரபில் சிரிப்பின் நிறம் வெண்மை. காளிதாசர் தம் மேகதூதத்தில், நாள்தோறும் குவிந்துகொண்டே போன முக்கண்ணனின் பெருஞ்சிரிப்பாகவே கயிலையைக் கண்டார். கல்வெட்டுக் கவிஞர் அந்த மரபை அறிந்தே எழுதியிருத்தல் வேண்டும். பனி விழாத ஊரில் பனிமலையை அமைக்க விரும்பியவர்களுக்கு வெண்சுதையும் ஓர் உவமையும் போதுமாயிருந்தன.

இதே மன்னனின் மற்றொரு செயல் இமயத்தின் அரசியலைக் காட்டுகிறது. கி.பி. 720இல் தென்னிந்திய அரசன் ஒருவன் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பி, அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையைத் தர முன்வந்ததாகத் தாங் வம்ச வரலாறு குறிக்கிறது. அவ்வரசன் இராசசிம்மனே என்பது அறிஞர் முடிபு. படை சென்றதாகச் செய்தி இல்லை. பேரரசர் அப்படைக்குச் சிறப்புப் பெயர் ஒன்று மட்டும் அளித்தார். கயிலையைக் காஞ்சியில் எழுப்பிய வேந்தனுக்கு, உண்மைக் கயிலை எவர் ஆட்சியின் எல்லையில் நிற்கிறது என்பது தெரியாததன்று.

பின்னர்க் காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, கவராமல் திரும்ப அளித்த செய்தி இங்குள்ள கன்னடக் கல்வெட்டில் உள்ளது. அவன் அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுத்த கோயிலிலும், அதன்பின் இராட்டிரகூடர் எல்லோராவில் ஒரே பாறையில் குடைந்த கயிலாயத்திலும் காஞ்சிக் கோயிலின் சாயலை அறிஞர் காண்கின்றனர்.

காணாது பாடியவர்கள்

கல்லெடுக்க இயலாதவர்களும் கயிலையைக் கட்டினர். திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்றி மனத்துள்ளே கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, பூசலார் கோயில் குடமுழுக்கை முன்னிட்டு மன்னனின் நாளை மாற்றச் சொன்னதாகப் பெரியபுராணம் உரைக்கிறது. அந்தக் கற்றளி கயிலாசநாதர் கோயிலே என்பது வழக்கு.

சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் நின்றவாறே வடநாட்டுத் தலங்களைப் பாடினர். கேதாரம் அவற்றுள் ஒன்று. திருமங்கையாழ்வார் வதரியையும் திருப்பிரிதியையும் சாளக்கிராமத்தையும் பாடினார். அப்பர் ஒருவரே காளத்தியோடு நில்லாமல் நடந்தார். காசிக்கு அப்பால் பாதம் தேய்ந்தது, கைகளால் ஊர்ந்தார், கைகளும் தேய, மார்பினால் நகர்ந்தார். இறுதியில் அவர் எதிர்ப்பட்டது ஒரு பொய்கை. அதில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கே கயிலைக் காட்சி கண்டார் என்கிறார் சேக்கிழார். இமயத்தின் மலையேரி ஒன்று காவிரிக்கரைக் குளத்தோடு இவ்வாறு இணைந்தது.

காஞ்சியின் பங்கு கச்சியப்ப சிவாச்சாரியாரால் நிறைவுற்றது. குமரகோட்டத்து அருச்சகரான அவர், நாளொன்றுக்கு நூறு பாடலாக எழுதி இறைவன் திருமுன் வைக்க, விடியலில் அவை திருத்தம் பெற்றிருந்தன என்பது மரபு. அரங்கேற்றத்தில் முதற்பாடலின் புணர்ச்சிக்கு விதி கேட்கப்பட்டபோது வீரசோழியம் துணை நின்றது என்பதும் இவ்வூர் மறவாத செய்தி. கந்தபுராணம் பாலாற்றையும் தொண்டை நாட்டையும் காஞ்சி நகரையும் பாடிவிட்டே திருக்கைலாசப் படலத்துக்குச் செல்கிறது. தான் நாளும் கண்ட ஆற்றிலிருந்து தொடங்கி, ஒருநாளும் காணாத சரவணப்பொய்கைக்குக் கேட்போரை அவர் அழைத்துச் சென்றார். ஆற்றுப்படையின் நடையே அது.

ஒருநாட் பயணம்

காலம் வழியை எளிதாக்கியது. 1954ஆம் ஆண்டின் இந்திய–சீன உடன்பாடு கயிலை, மானசரோவர் யாத்திரைக்கு இடமளித்தது. 1962இல் வழி அடைபட்டது. 1981இல் இலிபுலேக் கணவாய் வழியே மீண்டும் திறந்தது. 2012இல் தமிழ்நாடு அரசு மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் செல்வோருக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. 2015இல் நாதுலா வழி சேர்ந்தது. 2020இல் நோய்த்தொற்றால் நின்ற யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கியது.

நெடுவழி செல்ல இயலாதோர்க்கு ஒருநாட் பயணங்கள் உள்ளன. சிக்கிமின் காங்டாக்கிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், 3,753 மீட்டர் உயரத்தில் உள்ளது சோம்கோ ஏரி. எல்லைப் பகுதியாகையால் அனுமதிச் சீட்டும், பதிவு பெற்ற பயண முகவரும் இன்றிச் செல்ல இயலாது. காலையில் ஊர்தியேறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். சுற்றியுள்ள மலைகளின் பனி உருகி நிரம்பும் அந்த ஏரி குளிர்காலத்தில் உறைகிறது. அதன் நிறமாற்றத்தைக் கொண்டு லாமாக்கள் வருங்காலம் உரைத்தனர் என்று வழிகாட்டிகள் தவறாது கூறுவர். அனுமதிக்காக வரிசையில் நிற்போரைக் காண்பவர்க்கு, ஒரே ஓடத்துக்காகக் கங்கைக்கரையில் நின்றோர் நினைவுக்கு வரக்கூடும்.

அசையாத உவமையும் அசையும் மலையும்

தமிழ்க் கவிதையில் இமயம் ஓர் அளவுகோல். முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் உதியன் சேரலாதனை வாழ்த்தும்போது, இமயமும் பொதியமும் போல நடுக்கமின்றி நிலைபெறுக என்றார். அன்றுமுதல் நிலைபேற்றுக்கு அம்மலையே உவமை. காணாமலே பாடியவர்களுக்கு அது குறையன்று; மலை மாறாது என்ற உறுதி அவர்களைக் காத்தது.

அந்த உறுதி இன்று இல்லை. கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பை 1935 முதல் அளந்து வருகின்றனர். கோமுகம் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது மீட்டர் என்ற அளவில் பின்வாங்கி வந்துள்ளது. 1948இல் காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்ட சோராபாரி ஏரி, 2013 ஜூன் 17ஆம் நாள் கரை உடைந்து கேதாரத்தின் மீது பாய்ந்தது. அந்நாட்களின் பெருவெள்ளத்தில் மாண்டோர் பல்லாயிரவர். திருப்பிரிதி எனப் போற்றப்படும் ஜோஷிமட்டில் 2023 சனவரியில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் பிளந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் என்னும் பனியேரி உடைந்து, தீஸ்தா ஆற்றின் பேரணை ஒன்றை அடித்துச் சென்றது. பாடல் பெற்ற தலங்களும் பாசுரம் பெற்ற தலங்களும் இவ்வரிசையில் உள்ளன என்பதைக் காஞ்சி எளிதில் கடந்து செல்ல இயலாது.

நீரின் வழியாகவும் இவ்வூர் இதனை உணரத்தக்கது. நந்திமலையில் தோன்றும் பாலாற்றுக்குப் பனியாறு இல்லை. மழையே அதன் தாய். மழை பொய்த்தால் ஆறு மணலாகும் என்பதைக் கண்டே முன்னோர் ஏரிகளை வெட்டினர். தென்னேரியின் பழம்பெயர் திரையனேரி என்பர். ஆற்றுப்படை பாடிய திரையன் பெயரையே அது தாங்குகிறது. பனியை நம்பிய வடநாட்டு ஆறுகளும் இனி வருவதை அறிய இயலாத நிலையை அடையுமாயின், அதன் பொருளைப் பாலாற்றங்கரை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கவிஞரின் கடமை இவ்விடத்தில் மாறுகிறது. கச்சியப்பர் சரவணப்பொய்கையைக் காணாது பாடலாம். இன்றைய கவிஞர் சோம்கோவையோ கோமுகத்தையோ காணாது பாடினால், பழைய உவமையையே திரும்பச் சொல்லிவிடுவார். சென்றவரும் நிழற்படத்தோடு மீண்டால் போதாது. பனிக்கோடு எங்கே நின்றது, வழிகாட்டி தன் இளமையில் அதை எங்கே கண்டான், ஊர்திகள் நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வருதல் வேண்டும். கங்கைத் துறையில் காத்திருந்தோரின் தவிப்பு கச்சிப் புலவருக்கு எட்டியது, போய் வந்த எவரோ அதை உற்று நோக்கிச் சொன்னதனால்தான்.

பெற்றவன் பெறாதவனுக்கு உரைப்பது ஆற்றுப்படை. காஞ்சியிலிருந்து வடக்கே புறப்படும் அடுத்த குழுவில் ஒரு கவிஞர் இடம்பெற்று, கண்டதைக் கண்டவாறு வந்து சொல்வாராயின், கேட்பதற்கு இவ்வூரில் இன்றும் செவிகள் உண்டு.