மென்பொருள் நல்லாத்தான் வேலை செய்யுது... அப்புறம் ஏன் மக்களுக்குப் பிடிக்கல?

எம்ஆர்டி நிலையத்தில் கார்டைத் தட்டுகிறீர்கள். கதவு திறக்கிறது. ஆனால் எவ்வளவு காசு போச்சு, மீதி எவ்வளவு இருக்கு என்று திரையில் வரவில்லை.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பலரைக் கோபப்படுத்தியது இந்தச் சின்ன விஷயம்தான்.

என்ன நடந்தது?

பெரியவர்களின் பழைய வகை ஈஸி-லிங்க், நெட்ஸ் ஃபிளாஷ்பே கார்டுகளை ஜூன் 1 முதல் பொதுப் போக்குவரத்தில் பயன்படுத்த முடியாது, சிம்ப்ளிகோ முறைக்கு மாறவேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் ஜனவரி 9 அன்று அறிவித்தது.

புதிய முறையில் வசதிகள் இருந்தன. கைப்பேசியிலேயே பணம் நிரப்பலாம். கார்டு தொலைந்தால் முடக்கலாம்.

திரையில் ஏன் காட்டவில்லை?

பழைய முறையில் மீதித் தொகை கார்டிலேயே பதிவாகியிருக்கும். தட்டியதும் கருவி அதைப் படித்துக் காட்டிவிடும். சிம்ப்ளிகோவில் கணக்கு இருப்பது மத்தியக் கணினியில். அங்கிருந்து தகவலை வாங்கிக் காட்டச் சில விநாடிகள் கூடுதலாகும், வரிசை நீளும். அதனால், 'செயலியில் பாருங்கள்' என்றார்கள்.

தொழில்நுட்ப ரீதியில் நியாயமான காரணம். ஆனால் திறன்பேசி பழகாத தாத்தா பாட்டிக்கு? வெள்ளியை எண்ணிச் செலவு செய்பவருக்கு? அவர்களுக்கு அந்தத் திரைதான் கணக்குப் புத்தகம்.

ஜனவரி 22ஆம் தேதி முடிவு மாறியது. பழைய முறையைக் குறைந்தது 2030 வரை தொடர அரசாங்கம் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவிடும் என்று அறிவிக்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்?

'கார்டு வேலை செய்கிறதா?' என்பது ஒரு சோதனை. 'பயன்படுத்துபவருக்கு வேண்டியது கிடைக்கிறதா?' என்பது வேறு சோதனை. முதலாவதில் தேறிய மென்பொருள் இரண்டாவதில் தோற்கலாம்.

இரண்டாவது சோதனைக்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. ஒரு சுற்றுக்கு 5 பேர் போதும், திருத்திவிட்டு மறுபடியும் சோதியுங்கள் என்று பயன்பாட்டியல் நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

எப்படிச் செய்வது?

நீங்கள் பள்ளித் திட்டப்பணிக்காக ஒரு செயலி உருவாக்குகிறீர்களா? பாட்டியிடம் கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். 'பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளை மனசு நோகக்கூடாதென்று 'நல்லா இருக்கு' என்பார். உதவியும் செய்யாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

திருத்தவேண்டிய இடம் அதுதான்.